மண் மிதிக்காத பூட்ஸ்

அந்த அறைக்குள் போகவேண்டுமென்றால் செருப்பைக் கழற்ற வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. மலையேறுகிறவர்கள் அடிவாரத்திலேயே கால்களை வெறுமையாக்கிக்கொள்ளும் ஊரில் இதை ஒரு விதி என்றுகூட யாரும் நினைக்கமாட்டார்கள். வாசல் என்று ஒன்றைக் கண்டால் கால் தானாகச் செருப்பை உதறும்.

என் இடது கால் உதறாது. அதில் இருந்தது பூட்ஸ். பூட்ஸின் குதிகாலுக்குள் குறுக்கே ஓர் இரும்புக் குழல். குழலின் இரண்டு முனைகளிலும் செருகிய இரண்டு கம்பிகள் கெண்டைக்காலின் இரு பக்கமும் ஏறி, முழங்காலுக்குக் கீழே ஒரு தோல்பட்டையில் போய் முடியும். இரண்டு வயதில் வந்த போலியோ காலைக் கொண்டுபோனது. திருப்பதியில் இருந்த கால் ஆஸ்பத்திரி இந்தக் கம்பிகளைக் கொடுத்தது. பூட்ஸைக் கழற்றினால் கம்பிகளுக்குப் பிடி இல்லை. கம்பிகள் நிற்காவிட்டால் கால் நனைந்த துணிபோல மடங்கும். வீட்டில் கைகளை ஊன்றித்தான் நகர்வேன். அது வீடு. அங்கே யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவர்கள் என் ஆட்கள்.

நான் சொல்லும் அறை ரேணிகுண்டாவில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு தொழிற்சாலைக்குள் இருந்தது. பம்புகளுக்கான எஃகுத் தண்டுகளைச் செய்யும் இடம். தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரிக் கடைசி ஆண்டுக்கு முந்தைய கோடையில், ஆறு வாரப் பயிற்சிக்கு அங்கே போனேன். சந்தை திறந்துவிட்டது என்று பேப்பர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம். எங்களுக்கு அந்தத் திறப்பு ஒரு குளிர் அறையாக வந்து சேர்ந்தது. அதுவரை அங்கே தண்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வளையம் போதும்: நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் இன்னும் கொஞ்சம் தேய். கடல் தாண்டி ஒரு கம்பெனி ஆர்டர் கொடுத்ததும் வளையம் போதவில்லை. ஷெட்டுக்குள்ளேயே கண்ணாடிச் சுவர் வைத்து ஓர் அறை எழுப்பி, ஏசி மாட்டி, இருபது டிகிரியில் நிறுத்தி, நடுவில் கறுத்த கருங்கல் மேசை ஒன்றைப் போட்டார்கள். கண்ணாடிபோல இழைத்த கல். அதன்மேல் வைத்துத்தான் எதையும் அளக்க வேண்டும். தூசு ஆகாது, ஆகவே செருப்பு வெளியே. திறப்பு நாளில் பூசணிக்காய் உடைத்தார்களாம், கற்பூரம் காட்டினார்களாம். நான் போனபோதும் சில தொழிலாளர்கள் வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் நுழைந்தார்கள். ஆளாளுக்குக் கூல் ரூம் என்றார்கள். கேலிக்காரர்கள் சன்னிதி என்றார்கள். சித்திரை வெயிலில் அங்கே நுழைய எல்லோருக்கும் ஒரு காரணம் கிடைத்தது. எனக்குத்தான் கிடைக்கவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'என்னால் பூட்ஸைக் கழற்ற முடியாது.' நான்கே சொல். ஆனால் அந்த நான்கு சொல்லுக்குப் பின்னால் மூன்று வருடம் நின்றது. கல்லூரிப் பட்டறையில் முதல் நாளே என்னைப் பார்த்து, "நீ உட்காரும்மா, உனக்கு வேணாம்" என்றார்கள். கருணையோடுதான் சொன்னார்கள். மெக்கானிக்கல் பிரிவில் ஒரே பெண், அதிலும் கால் இல்லாத பெண். மற்றவர்கள் அரம் பிடித்து இரும்பை ராவிக்கொண்டிருக்க, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களுடைய ரெகார்டு நோட்டுகளில் படம் வரைந்தேன். முழு மதிப்பெண் விழுந்தது. உள்ளங்கையில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் ஓர் இன்ஜினியர் தயாராகிக்கொண்டிருந்தாள். விலக்கு என்பது மெத்தை போட்ட அறை. சத்தம் வராது, அடிபடாது, கதவு மட்டும் வெளியே பூட்டியிருக்கும்.

ஆகவே தொழிற்சாலையில் யாருக்கும் தெரியக்கூடாது என்று முடிவு செய்தேன். அகலமான சுடிதார் பேண்ட் கம்பிகளை மூடியது. சாய்ந்து நடப்பதை மறைக்க முடியவில்லை. சுளுக்கு என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

ஆறு வாரமும் முடித்து, அவர்கள் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்டைக் கொண்டுபோனால்தான் பட்டம். அந்தத் தாளுக்காகப் பிச்சாட்டூர் பக்கத்து ஊரிலிருந்து என் நைனா இரண்டு முறை வந்து மேனேஜரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தார். எங்கள் குடும்பத்தில் அவருக்கு முன்னால் யாருக்கும் சொந்தமாக ஒரு வரப்புகூட இருந்ததில்லை. அவருக்குப் பின்னால் நான் வரப்பே இல்லாத ஏதோ ஒரு வெளியில் போய் நிற்கவேண்டும் என்று அவருக்கு ஆசை.

தினமும் காலையில் திருப்பதி விடுதியிலிருந்து பஸ். மொட்டைத் தலைகளில் சந்தனம் காயாத யாத்ரீகர்களுக்கு நடுவே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ரேணிகுண்டா. என்னைக் கிரைண்டிங் மெஷினில் விட்டார்கள். சுழலும் கல்லில் தண்டை உரசி அளவுக்குக் கொண்டுவரும் மெஷின். அதை ஓட்டியவர் வடமாலபேட்டைக்காரர், நாற்பதை நெருங்கியவர், ஒன்பது வருடமாகத் தற்காலிகம். அந்த வருடம் பர்மனெண்ட் ஆகப்போகிறார் என்று பேச்சிருந்தது. அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். அவர் தெலுங்கில் எண்ணி, தமிழில் திட்டி, மெஷினோடு மட்டும் எந்த மொழியும் இல்லாமல் பேசுவார்.

"பாப்பா, காதால கேளு. கல்லு பாடுது பார். அது அழுதுச்சுனா நிறுத்திடணும்" என்பார். வேலை முடிந்தபிறகும் கால் மணி நேரம் நின்று என் கையில் கைப்பிடியைக் கொடுத்துச் சுற்றச் சொல்வார். இதற்கு அவருக்கு யாரும் எதுவும் தரவில்லை. அந்தத் தொழிற்சாலையில் கோடைதோறும் மூன்று நான்கு மாணவர்கள் வருவது வழக்கம். ஆளுக்கு ஒருவரைத் தத்தெடுத்துக்கொள்வதுபோல அங்கிருந்தவர்கள் எடுத்துக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் மூடியில் ஒரு பங்கு எடுத்து நீட்டுவார்கள். "துன்னுமா, காலேஜ்ல இன்னா போடறான் அவன்."

முதல் கொப்புளம் இரண்டாவது வாரத்தில் வந்தது. பஸ்ஸில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே விடுதிக்குப் போனேன்.

எனக்குக் கொடுத்த வேலை இது: மெஷினிலிருந்து இறங்கும் ஒவ்வொரு தண்டையும் அளந்து, வரைபடத் தாளில் புள்ளி வைத்து, மெஷின் எங்கே தடுமாறுகிறது என்று சொல்லவேண்டும். தண்டின் தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டர் கூல் ரூமில் இருந்தது. அந்த அறைக்குப் பொறுப்பாளி ஒரு பெண். நகரியில் தறிக்குடும்பம், டிப்ளமோ முடித்தவள், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள், ஷெட் முழுக்க அவள் நாக்குக்குப் பயந்தது. கண்ணாடிச் சுவரில் சாமான் வாங்கக் கொடுக்க ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அதன் வழியாகத்தான் நானும் அவளும் பார்த்துக்கொண்டோம். அவளுக்கு நான் தோளுக்கு மேலே மட்டும்.

"அக்கா, மைக்ரோமீட்டர் குடுங்கக்கா."

"ஏன், துரைசாணி உள்ள வந்து எடுத்துக்கினா தேஞ்சா பூடுவீங்கோ?"

"இல்லக்கா, இங்கியே அளந்துக்கறேன்."

"எல்லாரும் உள்ள வரதுக்கு அலையறானுங்க. இவங்களுக்கு ஏசி ஒத்துக்காது போல" என்று உள்ளே இருந்த யாரிடமோ சொல்வது கேட்கும். சிரிப்பார்கள். கருவி மட்டும் வெளியே வரும், குளிர்ந்து, மீன்போல.

நான் ஷட்டர் ஓரம் வெளிச்சம் விழும் இடத்தில் தள்ளுவண்டியை நிறுத்தி அளந்தேன். வெயில் தள்ளுவண்டிமேல் படுத்திருக்கும். தண்டுகள் சுடச்சுட இருக்கும். எழுதினேன்: கூடுதல், கூடுதல், கூடுதல். மில்லிமீட்டரை நூறாக வெட்டினால் ஒரு துண்டு. அதைப் பாயிண்ட் என்பார்கள். எல்லாத் தண்டும் இரண்டு பாயிண்ட் பெருத்திருந்தது. அண்ணா என் தாளைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார்.

"என் கணக்குக்குச் சரியாத்தானே வெச்சேன். எல்லாம் மேலயே நிக்குதே."

"ஆமாண்ணா. மூணு தடவ பாத்துட்டேன்."

"சரி, படிச்ச புள்ள சொல்லுது" என்று சிரித்துக்கொண்டே அத்தனையையும் மறுபடி ஏற்றி இரண்டு பாயிண்ட் எடுத்தார். முப்பத்தாறு தண்டுகள். கடல் தாண்டிப் போகவேண்டிய முதல் பெட்டி.

கூல் ரூமுக்குள் என்ன நடக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: தண்டுகளைக் கொண்டுபோனதும் யாரும் அளக்கமாட்டார்கள். கல்மேசை ஓரத்தில் நாலைந்து மணி நேரம் சும்மா வைத்துவிடுவார்கள். ஊறப்போடுகிறோம் என்பார்கள், இட்லிக்கு அரிசி ஊறப்போடுவதுபோல. சூட்டில் இரும்பு வளரும், குளிரில் சுருங்கும். கருவியும் தண்டும் ஒரே குளிரில் ஊறியபிறகு வருவதுதான் அளவு. இதைப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக எழுதி ஐந்தும் வாங்கியிருக்கிறேன். கையில் சுட்ட இரும்புக்கும் அந்தக் கேள்விக்கும் சொந்தம் இருக்கிறது என்று எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அண்ணா மெஷினை நிறுத்திவிட்டு, கையில் துணியோடு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். முப்பத்தாறும் இளைத்துவிட்டதாம். ஒன்றுகூடத் தேறாது. மேனேஜர் ஆபீஸில் மெமோ டைப் ஆகிறதாம்.

"என் கைதான் நடுங்கிச்சோ இன்னாவோ, பாப்பா" என்றார். "ஒம்பது வருசத்துல இப்டி ஆனதில்ல. பர்மனெண்ட்டு லிஸ்டு இந்த மாசம்தான் போவுது. நல்ல நேரத்துல பண்ணேன் பார்."

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் தாளை அவர் சந்தேகிக்கவே இல்லை. நான்தான் சந்தேகித்தேன்.

என் தள்ளுவண்டியில் மாதிரிக்கு ஒதுக்கிய தண்டு ஒன்று கிடந்தது. இரண்டாம் முறை ஏற்றாதது. மறுநாள் காலை வெயில் ஷட்டருக்குள் வருமுன் அதை அளந்தேன். சரியாக இருந்தது. மத்தியானம் அளந்தேன். இரண்டு பாயிண்ட் கூடுதல். நெற்றிக்குள் அந்த ஐந்து மதிப்பெண் விடை, என் கையெழுத்திலேயே, வரி வரியாக விரிந்தது.

ஷெட் முழுக்க இது தெரிந்த ஒரே ஆள் நான். சும்மா இருந்தால் இன்னும் மூன்று வாரம், பிறகு சர்டிபிகேட், பிறகு பட்டம். சொன்னால் அடுத்த கேள்வி: 'ஏன் வெளியே வைத்து அளந்தாய்?' அதற்கு அடுத்தது: 'இந்தக் காலோடு உன்னை யார் இங்கே அனுப்பினார்கள்?' சர்டிபிகேட் போகும். நைனா மூன்றாவது முறை வந்து கும்பிடுவார். டீ இடைவேளையின் பதினைந்து நிமிடமும் இதையே மென்றேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் நான் நல்லவளாக இருந்தேன் என்று சொல்லமாட்டேன். சும்மா இருப்பதற்கு நியாயங்களாக எண்ணினேன். ஒவ்வொன்றும் அண்ணாவின் திருப்பித் திருப்பிப் பார்த்த கையில் போய் முட்டியது.

கூல் ரூம் ஜன்னல் சாத்தியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர், கையில் தாள், பக்கத்தில் அக்கா, எதிரே அண்ணா, கைகட்டி. தட்டினேன். ஏசி இரைச்சலில் கேட்கவில்லை.

செருப்பு ரேக்கின் கீழ்த்தட்டில் உட்கார்ந்தேன். வலது கால் செருப்பை உதறிவிட்டுப் பேண்டை ஏற்றினேன். கம்பிகளை இழுத்துக் குழலிலிருந்து விடுவித்தேன். பூட்ஸைக் கழற்றி, வரிசையில் மற்றச் செருப்புகளுக்குப் பக்கத்தில், முனை சுவரைப் பார்க்க வைத்தேன். கதவைத் தோளால் தள்ளினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் ஒரு தாவல், இரண்டு தாவல். தரை பனிக்கட்டிபோல இருந்தது. சுவர் முடிந்தது. அடுத்த பிடி கல்மேசைதான். விழப்போன நான் இரண்டு உள்ளங்கையையும் அதன்மேல் அறைந்து நின்றேன்.

"ஏய்! கல்லு மேல கைய வெக்காத!" என்று அக்கா அலறினாள்.

இன்றைக்கும் அதை நினைத்துச் சிரிக்கிறேன். அவள் முதலில் பார்த்தது என் கையை. வியர்வைக் கை பட்டால் அந்தக் கல்லுக்கு ஆகாது. தினமும் காலையில் ஸ்பிரிட் போட்டு அவளே துடைப்பாள், வேறு யாரையும் விடமாட்டாள். பிறகுதான் கீழே பார்த்தாள். இரண்டு கம்பிகள், குழல் இல்லாமல், தரையைத் தொடாமல் ஆடிக்கொண்டிருந்தன.

நான் பேசினேன். வெயில், தள்ளுவண்டி, குளிர்ந்த கருவி, சூடான தண்டு, காலை அளவு, மத்தியான அளவு. "அண்ணா மேல தப்பு இல்ல சார். அவர் கணக்கு சரி. நான் தப்பா எழுதினத நம்பித்தான் மறுபடியும் எடுத்தாரு." கடைசியாகக் காலைச் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் கல்லைப் பார்த்துச் சொன்னேன். கல்லில் என் முகம் கறுப்பாகத் தெரிந்தது.

மேனேஜர் நல்லவர். முகம் இளகிவிட்டது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "அய்யய்யோ, கூச்சோம்மா, உட்காரு" என்றார். அக்காவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "பாவம், ஒதிலேயண்டி" என்றார் தெலுங்கில், விட்டுவிடுங்கள் என்று. "முடியாத பொண்ணு. இதுக்கு மேல எதுக்குக் கஷ்டப்படணும்? சர்டிபிகேட்ட இன்னைக்கே போட்டுக் குடுத்து அனுப்பிடலாம். இது விசயமா எழுதவேணாம்."

சர்டிபிகேட் கிடைத்துவிட்டது. எந்தத் தாளுக்காக மூன்று வாரம் ஒரு காலை ஒளித்துவைத்தேனோ அந்தத் தாள், ஒரு 'பாவம்' என்ற சொல்லில் மடித்து, கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. வாங்கிக்கொண்டிருப்பேன். அதையும் சொல்லிவிடுகிறேன்; வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன்.

அக்கா குறுக்கே வந்தாள்.

"எதுக்கு சார் பாவம்? முப்பத்தாறு தண்டு வீணாப் பூட்டுது. அந்த ஆளு கைய வெட்டிக்கலாமான்னு நின்னுகினு இருக்கறாரு. இவதான் பண்ணா. இவளுக்கு மெமோ போடுங்கோ."

"ஸ்டூடண்ட்டும்மா அது."

"ஸ்டூடண்ட்டுக்குக் கை இல்லியா, எழுதினது கைதானே? மெமோ போட்டு ஆறு வாரமும் முடிக்கச் சொல்லுங்கோ. இப்ப போவச் சொன்னா, நான் அந்தச் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடமாட்டேன்." பிறகு, யாரையும் பார்க்காமல், குரல் கொஞ்சம் இறங்கி: "எனக்கும் ஒண்ணு போடுங்கோ. மூணு வாரமா ஜன்னலாண்ட வந்து வந்து நின்னா. துரைசாணி, துரைசாணின்னு வாய் கிழிஞ்சேனே ஒழிய, ஏன் வரலன்னு கேக்கல."

அண்ணா இவ்வளவு நேரம் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கண்ணீர் மறைத்திருந்தது. "அளந்தத இன்னொரு தடவ நானும் பாத்திருக்கணும் சார்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மெமோ வந்தது. என் பெயர், கீழே இரண்டு வரி: தண்டுகளை ஊறவிடாமல், வெளியில் சூட்டில் வைத்து அளந்து, தவறான அளவு எழுதியதால் இழப்பு, இனி கவனமாக இருக்க எச்சரிக்கப்படுகிறார். அவ்வளவே. கால் அதில் இல்லை. அக்காவுக்கு வந்ததில்தான் கால் இருந்தது: பயிற்சிக்கு வந்தவர் உள்ளே வர இருந்த தடையை விசாரிக்காதது. நான் என் மெமோவை விடுதிக்குக் கொண்டுபோய்த் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். என் வாழ்வில் அதற்குமுன் யாரும் என்னை நம்பி ஒரு குற்றத்தைக் கொடுத்ததில்லை.

அதன்பிறகு அவர்கள் செய்ததுதான் வேடிக்கை. அந்த அறைக்குள் மட்டும் போட்டுக்கொள்ள எனக்கு இன்னொரு பூட்ஸ் வேண்டும் என்று முடிவாயிற்று. அண்ணா என் பூட்ஸை ஒரு தெலுங்கு நியூஸ் பேப்பர்மேல் வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில் கால் ஆஸ்பத்திரிப் பக்கம் போய், அங்கே இப்படிப்பட்ட பூட்ஸே தைத்துப் பழகிய ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். குதிகால் குழலை மட்டும் வெளியே செய்யவிட முடியாது என்றார் டூல் ரூம் மேஸ்திரி. தெலுங்குக்காரர், வழுக்கைத் தலை, பேரிங் பொருத்துவதில் சூரர்.

"அளவு நம்மது, அம்மாயி. நம்ம ஷாப்ல ஒரு ஓட்டை தப்பாப் போனா வெளிய சிரிப்பாங்க."

என் கம்பிகளைக் கழற்றி வாங்கி, உடனே அளந்தாரா? இல்லை. கல்மேசை ஓரத்தில் ஊறப்போட்டார். நாலு மணி நேரம். பட்ட புத்தி. அந்த நாலு மணி நேரமும் கூல் ரூமில் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஒரு மரப்பெட்டிமேல் நீட்டிக்கொண்டு, அக்காவோடு கதை பேசினேன். அவள் அண்ணன் தறியை விட்டு பெங்களூருக்குப் போனது, தெருவில் கைத்தறிச் சத்தம் போய் பவர்லூம் சத்தம் வந்தது, தனக்கு மாப்பிள்ளை பார்ப்பவர்களெல்லாம் 'பொண்ணு இரும்பு வேலையா' என்று ஓடுவது. "ஓடறவனுக்கு ரெண்டு காலு நல்லா இருக்குது, இன்னா பண்றது" என்றாள். சொன்னபிறகு நாக்கைக் கடித்தாள். நான் சிரித்துவிட்டேன். அவளும்.

பூட்ஸ் வந்தது. கறுப்பு, பளபளப்பு, மண்ணே மிதிக்காதது. ரேக்கில் உட்கார்ந்து பழைய பூட்ஸைக் கழற்றினேன். அண்ணாவின் தோளைப் பிடித்துப் படியைத் தாண்டி, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து புதியதை மாட்டினேன். கம்பிகள் குழலுக்குள் 'சுக்' என்று இறங்கின. எழுந்து நடந்தேன். முதல் முறையாக அந்தக் கல்லைச் சுற்றி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு முழு வட்டம். ஜன்னலில் நாலு தலைகள். மேஸ்திரி மீசையைத் தடவிக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது. கம்பிகளை இழுத்தேன். வரவில்லை.

இழுத்தார்கள். அக்கா ஒரு பக்கம், அண்ணா ஒரு பக்கம். அசையவில்லை. மேஸ்திரி குனிந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். கழற்றி மாட்டவேண்டிய செருப்புக்கு, வருடக்கணக்கில் அசையவே கூடாத பேரிங்குக்கு வைக்கும் இறுக்கத்தை வைத்துவிட்டார். கை பழகிய வழியில் போய்விட்டது; நடந்த பாரத்தில் கம்பிகள் இன்னும் இறங்கிக் கடித்துக்கொண்டன.

"தப்பா இல்ல, ரொம்ப சரியா வந்துடுச்சி" என்றார் பரிதாபமாக.

"அப்டியே வெளிய நடந்து வரட்டுமே" என்றார் அண்ணா.

"உள்பூட்ஸு வெளிய மண்ண மிதிச்சிதுனா அப்பறம் அது உள்பூட்ஸே இல்ல" என்றாள் அக்கா. "சாப்பாடும் உள்ள வரக்கூடாது. ரூலு ரூலுதான்."

ஆகவே அன்றைக்கு நான் ஜன்னல் வழியே தலையை வெளியே நீட்டி, கால் உள்ளே இருக்க, அண்ணா பிடித்துக்கொண்ட டிபனில் தயிர்சாதம் சாப்பிட்டேன். ஷெட்டில் போகிற வருகிறவன் எல்லாம் நின்று பார்த்தான். "சாமி வெளிய தலை காட்டுது, தீபாராதனை எங்கடா" என்று ஒருத்தன் கத்தினான். யாரோ ஸ்பூனால் டம்ளரைத் தட்டி மணி அடித்தார்கள். எனக்குப் புரையேறியது.

புரையேறி, இருமி, கண்ணைத் துடைத்தபோது தோன்றியது. "அண்ணா, கேண்டீன்ல சுடுதண்ணி இருக்குமா? நல்லாக் கொதிக்கற தண்ணி."

அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. "என் ரூம்ல சுடுதண்ணியா!" என்று தலையில் கைவைத்தாள், ஆனால் அவளே நாற்காலியோடு என்னைக் கதவோரம் தள்ளி, காலுக்கடியில் வாளியை வைத்தாள். டீ கொண்டுவருகிறவர் கெட்டிலோடு ஓடிவந்தார். மேஸ்திரி குதிகாலில், குழல் இருக்கும் இடத்தில் மட்டும், நிதானமாக ஊற்றினார். நான் கம்பியை விரலால் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஆவி எழுந்தது. தோல் வாசனை. இரும்பு வளரும் நேரம் கண்ணுக்குத் தெரியாது, காதுக்கும் கேட்காது. மெல்லத் திருகினேன். கம்பி, தூக்கத்தில் பல் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டு, வெளியே வந்தது; பின்னாலேயே மற்றதும்.

முப்பத்தாறு தண்டுகளைத் தின்ற அதே சூடு. ஷெட்டே கைதட்டியது. மேஸ்திரி குழலைக் கொண்டுபோய் மூன்று பாயிண்ட் பெரிதாக்கி எடுத்துவந்தார். அதன்பிறகு அது என்றும் சிக்கவில்லை.

மிச்சமிருந்த வாரங்களில் நான் அந்த அறைக்குள்ளேயே அளந்தேன். தண்டுகளை ஊறவைத்து, காத்திருந்து. காத்திருக்கத் தெரியாத எனக்கு அது வாய்த்த தவம். புதிய முப்பத்தாறு தண்டுகள் என் புள்ளிகளோடு பெட்டிக்குள் போய், ஆணி அடிக்கப்பட்டு, கடல் தாண்டின. பர்மனெண்ட் பட்டியலில் அண்ணா பெயர் வந்தது. அன்றைக்கு அவர் லட்டு கொண்டுவந்து, ரூலுக்குப் பயந்து, ஜன்னலுக்கு வெளியே நின்று நீட்டினார்.

கடைசி நாளில் சர்டிபிகேட்டை அக்காதான் கொடுத்தாள். குறிப்பு என்ற இடத்தில் அவள் கையெழுத்தில் இப்படி இருந்தது: 'ஒரு பெரிய தவறு செய்தார். தானே வந்து சொன்னார். அதன்பின் அவர் எழுதிய அளவுகள் அனைத்தும் சரி.' படித்துவிட்டு நிமிர்ந்தேன்.

"இன்னா முறைக்கற? வேலைக்குப் போற இடத்துல காட்டு. படிச்சிட்டு வேணாம்னு சொல்றவன்கிட்ட நீ வேலை செய்யவே வேணாம்."

காட்டினேன். சென்னையில் காட்டினேன், பிறகு புனேயில், பிறகு பனி பெய்யும் ஓர் ஊரில் மொழிபெயர்த்துக் காட்டினேன். வேணாம் என்று சொன்னவர்களும் உண்டு. எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் அந்த மூன்று வரியைப் பற்றித்தான் முதலில் கேட்டார்கள். எங்கேயும் நிலைத்து இருக்கப் பழகாத என் கம்பிகள் எத்தனையோ தரைகளைத் தட்டிவிட்டன. ஆனாலும் ஒரு புதிய வாசலில் நிற்கும்போதெல்லாம், உள்ளே இருந்து ஒரு குரல் 'ஏய், கல்லு மேல கைய வெக்காத' என்று கத்துமா என்று காது தேடுகிறது. கத்தினால் அது எனக்கான இடம்.

அந்தக் கடைசி நாளில் அவர்கள் உள்பூட்ஸைப் பேப்பரில் சுற்றி என்னிடம் கொடுக்க வந்தார்கள். நான் வாங்கவில்லை. வெளியே கொண்டுபோனால் மண் படும் என்றேன். அக்காவுக்கு அந்தக் காரணம் பிடித்திருந்தது. அந்த அறையில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் உண்டு, சின்னத் தகட்டில் அடித்துக் கட்டியிருப்பார்கள். அவள் ஒரு தகட்டை எடுத்து, எண் அச்சை வைத்துச் சுத்தியலால் ஒன்று என்று அடித்து, பூட்ஸின் கயிற்றில் கட்டி, மைக்ரோமீட்டர்களுக்குக் கீழ்த்தட்டில் வைத்தாள். பயிற்சிக்கு வருகிறவர்கள் நிரப்பும் தாளில் பெயர், கல்லூரி, ரத்தப்பிரிவுக்குக் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'உள்ளே வர உங்களுக்கு ஏதாவது வேண்டுமா?' அடுத்த வருடம் அது அச்சாகிவிட்டதாம்.

போன மாதம் அக்காவுக்குப் போன் செய்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறாள், அறை பெரிதாகிவிட்டது, மேஸ்திரி ஓய்வுபெற்றுவிட்டார், அண்ணாவின் மகள் ஸ்ரீபெரும்புதூரில் ஏதோ கம்பெனியில் அளக்கிற வேலைக்கே போயிருக்கிறாள். எல்லாம் சொல்லிவிட்டு, என் பூட்ஸ் இருக்கிறதா என்று நான் கேட்பதற்காகக் கொஞ்சம் காத்திருந்தாள். கேட்டேன்.

"ஒண்ணு இருக்குது. ரெண்டு ஒரு காளஹஸ்திப் பையனுக்கு. இப்ப மூணு அடிச்சிக்கினு இருக்கறேன், ஒரு பொண்ணு வந்திருக்குது. நீ வேற, அந்தக் காலத்து ஞாபகத்துல பயந்துடாத" என்றாள். "மூணு பாயிண்ட்டு லூசாத்தான் வெச்சிருக்கறோம்."